மஞ்சள் இறங்கிய தண்ணீர்

துவாரகாவில் எங்கள் குடியிருப்பு வாசலில் நேற்று மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் வீட்டுக்காரரின் உள்ளங்கைகள்தான் ஞாபகம் வந்தன. சுண்ணாம்புக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. நாட்டின் இதே தலைநகரில், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவருக்கு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. எனக்கு ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கும் வேலை. வேதியியல் பட்டம் வாங்கியவள் என்ற கர்வம் கொஞ்சம் உண்டு. சாம்பாரில் புளி விடுவதற்குக்கூடக் காரணம் சொல்வேன்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஓய்வும் சாப்பாடும்தான் மருந்து என்றார் டாக்டர். அந்தச் சாப்பாடுதான் இறங்கவில்லை. அவருடைய அண்ணன் திருநெல்வேலியில் இதே நோயில், இதே முப்பத்திரண்டு வயதில் போனவர். மூன்றாவது வாரம் இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். நான் ரத்தத்தின் கணக்கையெல்லாம் சொல்லித் தைரியம் கொடுத்தேன். கஞ்சித் தம்ளர் ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி, சந்தோஷ் பாபி, அதாவது சந்தோஷ் அண்ணி, மார்க்கெட்டுக்குப் பின்னால் காமாலையை மந்திரித்து இறக்கும் கிழவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னாள். நான் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இவரை ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவளும் நான்தான்.

கிழவர் ஏதோ முணுமுணுத்தபடி இவர் கைகளில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். தட்டில் விழுந்த தண்ணீர் கடுகெண்ணெய் நிறத்துக்கு மாறியது. இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, எல்லாம் எறங்கிட்டு" என்றார்.

இவர் கை கழுவக் குழாயடிக்குப் போனதும் நான் என் கைகளை நீட்டினேன். கிழவர் மறுக்கவில்லை. ஊற்றித் தேய்த்தார். அதே மஞ்சள். நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "கர் ஜாக்கே கானா கிலாவோ, பேட்டி" என்றார். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு கொடு, மகளே என்று. ஏமாற்றுக்காரர் பேசுகிற பேச்சா அது, வைத்தியர் பேசுகிற பேச்சா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் இவர் இரண்டாம் தடவையும் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை லேபில், சனிக்கிழமையே எடுத்து வைத்திருந்த இவருடைய ரத்தத்தைச் சோதித்தேன். காமாலை அப்போதே பாதியாகக் குறைந்திருந்தது. கிழவரிடம் போவதற்கு முந்தின நாளே! ஆக, உடம்பு தானாகத் தேறியிருக்கிறது. அப்படியானால் சனிக்கிழமை இறங்காத சோறு ஞாயிற்றுக்கிழமை எப்படி இறங்கியது? சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நாங்களும் நிறம் மாறுவதைப் பார்த்துத்தானே நோயைச் சொல்கிறோம் என்று அசட்டு யோசனை வேறு.

என் கையிலும் மஞ்சள் வந்ததை இவரிடம் சொல்லவில்லை. முதலில், தேறட்டும் என்று. பிறகு, இனி எதற்கு என்று. இவரோ காமாலை என்று யார் வந்தாலும் அந்தக் கிழவரிடம் அனுப்புவார். நான் பின்னாலேயே ஓடி, டாக்டரையும் பாருங்கள், ரத்தமும் சோதித்துக்கொள்ளுங்கள் என்பேன். "இவளுக்கு எதுலயும் நம்பிக்கை கெடயாது" என்று சிரிப்பார்.

கிழவர் எப்போது போனார் என்று தெரியாது. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். சந்தோஷ் பாபி மகனோடு கனடா போய்விட்டாள். இவர் போய் ஆறு வருஷம். ஒருநாள் காபி குடிக்கும்போது சொல்லிவிடலாம் என்று நாற்பது வருஷம் நினைத்திருந்தேன். சொல்லியிருந்தால் கோபித்திருப்பாரா, "எனக்கு அப்பவே தெரியும்ளா" என்றிருப்பாரா? கேட்டுப் பார்க்க ஆள் இல்லை.