முப்பதில் திறக்கும் கதவு

பெட்டி செய்யும் தொழிற்சாலையில் என் வலது கை இயந்திரத்துக்குள் போய் வந்ததிலிருந்து சுட்டுவிரல் முழுதாக மடங்குவதில்லை. பரிதாபம் கேட்க இதைச் சொல்லவில்லை. கதவைப் பற்றிச் சொல்வதென்றால் விரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

மகள் வேறு நகரத்துக்குப் படிக்கப் போனபோது தன் வீடியோ கேம் பெட்டியை ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மென்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டில் லெவலை, அதாவது ஆடும் களத்தை, நாமே கட்டலாம். தரை, ஏணி, கதவு, எந்த மின்கம்பி எந்தக் கதவைத் திறக்கும் என்பது வரை நம் கையில். கையில் பிடித்து ஆடும் கொன்ட்ரோலரின் முதுகில் வலது சுட்டுவிரலால் அழுத்தும் ட்ரிகர் ஒன்று உண்டு. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பூச்சியத்திலிருந்து நூறு வரை திரையில் பார்க்கலாம். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். இருபத்திரண்டு.

மற்றவர்கள் கட்டிப் போட்டிருந்த லெவல்களை எடுத்து விளையாடினேன். ஒரு கதவும் எனக்குத் திறக்கவில்லை. எல்லாம் நூறுக்குத் திறக்கும் கதவுகள். கட்டியவர்களுக்கு ட்ரிகர் என்பது வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி. எரியும் அல்லது எரியாது. நடுவில் நாற்பதும் ஐம்பதும் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் நானே கட்டத் தொடங்கினேன்.

ஒரு வின்டர் முழுக்க எடுத்தது. அதற்குள் விரல் முப்பத்தைந்துவரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கதவுகளை முப்பதில் வைத்தேன். அழுத்தம் முப்பதைத் தாண்டினால் கதவு மேலே போகும், விட்டால் கீழே விழும். அப்படிப் பன்னிரண்டு கதவுகள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் அந்த வருட ஒன்றுகூடலில் வீடியோ கேம் போட்டி வைப்பதாக அறிவித்தது. உறுப்பினர்கள் கட்டிய லெவல் இருந்தால் தரச் சொன்னார்கள். கொடுத்தது நான் ஒருத்திதான். போட்டியில் விளையாடவும் பெயர் கொடுத்தேன்.

சங்கச் செயலாளர் பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து காரில் வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்து லெவலைச் சோதித்தார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"தங்கச்சி, உந்தக் கதவுகள் எத்தினையிலை திறக்குது?"

"முப்பதிலை."

"முப்பதோ? எங்கட காலத்திலை முப்பத்தைஞ்சு எடுக்காட்டி பெயில். நீங்கள் முப்பதுக்கே திறந்து விடுறியள்."

தேத்தண்ணி கொண்டுவந்த என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"உது மார்க்ஸ் இல்லை அண்ணை. விரல் எவ்வளவு அமத்துது எண்ட கணக்கு."

"என்னெண்டாலும் நூறிலை வையுங்கோ. பிள்ளையளுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்க வேணும்."

"நூறிலை வைச்சா என்னாலை விளையாட ஏலாது."

"நீங்களும் விளையாடப் போறியளோ? நான் சும்மா பேர் குடுத்திருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன்."

அவர் போனபின் கணவர், "மாத்திக் குடுமன். ஒருநாள் கூத்துத்தானே" என்றார்.

"ஒருநாள் கூத்தெண்டா அவர் பேசாம இருக்கட்டும்."

அந்த மனிதரிடம் கெட்ட எண்ணம் இல்லை. அதனால் எனக்கு இன்னும் எரிந்தது. நான் கட்டிய லெவலில் நானே விளையாட முடியாமல் போகும் என்பது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. நூறு கஷ்டம் என்கிறாரே, நூறில் என்ன கஷ்டம்? மூன்று வயதுக் குழந்தையும் இறுக்கிப் பிடித்தால் நூறு வரும். முப்பத்தைந்தில் விரலை நிறுத்தி வைத்திருந்து பார்க்கட்டும்.

அடுத்த நாளே மாற்றினேன். அவர் சொன்ன மாதிரி இல்லை.

அந்த விளையாட்டில் நொட் கேற் என்று ஒரு சில்லு இருக்கிறது. வருவதைத் தலைகீழாக்கும். எரிவதை அணைக்கும், அணைந்ததை எரிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நானும் சுவிட்ச் புத்தியில்தான் இருந்திருக்கிறேன். உண்மையில் அது நூறிலிருந்து கழிக்கிறது. முப்பத்தைந்து போனால் அறுபத்தைந்து வரும். நூறு போனால் பூச்சியம். அன்ட் கேற் என்று இன்னொன்று. இரண்டு கம்பிகளை வாங்கி, எதில் குறைவோ அதை மட்டும் வெளியே விடும்.

ட்ரிகரிலிருந்து ஒரு கம்பியை நேராக அன்ட் கேற்றுக்குக் கொடுத்தேன். இன்னொன்றை நொட் வழியாகச் சுற்றிக் கொடுத்தேன். என் முப்பத்தைந்தை அழுத்தினால் முப்பத்தைந்தும் அறுபத்தைந்தும் போய், முப்பத்தைந்து வெளியே வரும். கதவு திறக்கும். நூறை அழுத்தினால் நூறும் பூச்சியமும் போய், பூச்சியம் வரும். கதவு மூடியே கிடக்கும். பன்னிரண்டு கதவுக்கும் இதையே போட்டேன். வன்மத்தில்தான் செய்தேன். அதை இப்போது மறைக்கவில்லை.

ஸ்காபரோ மண்டபத்தில் ப்ரொஜெக்டர் போட்டு, என் லெவலைக் கடைசிச் சுற்றாக வைத்தார்கள். முதலில் வந்த பெண்பிள்ளைக்கு ஒன்பது வயதிருக்கும். இறுக்கி அழுத்தினாள். கதவு அசையவில்லை.

"அன்ரி, இது ப்ரோக்கன். ஃபுல்லா அமத்துறன், திறக்குதில்லை."

"அதுதான் பிழை. பாதி அமத்து."

மெல்ல அழுத்தினாள். கதவு மேலே போனது. அவள் துள்ளியதில் விரல் இறுகி, கதவு திரையில் ஓடிய அவளுடைய பொம்மையின் தலையில் விழுந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். பிறகு அவர்களும் ஒவ்வொருவராக மாட்டினார்கள். மூன்றாவது கதவைத் தாண்டினவர்கள் இரண்டு பேர்தான். செயலாளரும் கொன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தார். முதல் கதவிலேயே நின்றார்.

"தங்கச்சி, நான் நூறிலை எல்லே வைக்கச் சொன்னனான்."

"கஷ்டமா இருக்க வேணும் எண்டும் சொன்னீங்கள். கஷ்டமாத்தான் இருக்கு."

அவர் மைக்கை எடுத்து, இந்தச் சுற்றுக்குப் புள்ளி கிடையாது, எல்லாரும் சாப்பிட வாருங்கள் என்று அறிவித்தார். பெற்றோர்கள் ரோல்ஸ் இருந்த மேசைப் பக்கம் போனார்கள். என் பெயரைக் கூப்பிடவே இல்லை. நான் போய்க் கதிரையில் உட்கார்ந்து கொன்ட்ரோலரை எடுத்தேன். அந்த ஒன்பது வயதுக்காரி பக்கத்தில் வந்து நின்று என் விரலையே பார்த்தாள்.

பத்தாவது கதவில் விரல் முப்பதுக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. பதினொன்றைத் தாண்ட நான்கு தடவை ஆனது. செயலாளர் வந்து ப்ரொஜெக்டர் வயரைப் பிடித்தார்.

"காணும் தங்கச்சி, மண்டபத்தை விட்டுக் குடுக்க வேணும்."

"இன்னும் ஒரு கதவு கிடக்கு. நில்லுங்கோ."

நின்றார். பன்னிரண்டாவது கதவு மூன்றாவது தடவையில் மேலே போனது.