பம்பாய் வழியாக டெல்லி

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஒரு டிராவல்ஸ். அங்கே பதினெட்டு வருடமாக விமான டிக்கெட் எழுதுகிறவர் ரெமிஜியஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தூரமும் நேரமும் சொல்வார். மெட்ராஸ் ஐம்பது நிமிடம். பம்பாய் ஒன்றரை மணி நேரம். டெல்லி ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். "மேல போனா காது வலிக்குமா சார்?" என்று கேட்கிறவர்களிடம், "மிட்டாய் ஒண்ணு வாயில போட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்பார், நேற்றுதான் இறங்கி வந்த தோரணையில். மனிதர் விமானத்தில் கால் வைத்ததே இல்லை. அது அவர் மனைவி பிலோமினாவுக்கு மட்டும்தான் தெரியும்.

1994 ஜூனில் ஆம்ப்ரோஸ் மாடியேறி வந்தான். பிலோமினாவின் தங்கை புருஷன், லேத் மெக்கானிக்.

"அண்ணே, டெல்லியில எங்க மெஷின் ஒண்ணு நின்னு போச்சாம். கம்பெனியில பிளேன்லயே போகச் சொல்லிட்டாங்க. நீங்கதான் பாத்துப் போட்டுக் குடுக்கணும்."

ரெமிஜியஸுக்கு வயிறு எரிந்தது. நகத்தில் கிரீஸ் போகாத இவன் பறப்பானாம். திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமனார் வீட்டில் உட்கார்ந்து கதை அளப்பானாம். அந்த வீட்டில் விமானம் என்றால் அவர் ஒருவர் வாயைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அவருக்கென்று இருந்த மரியாதையே அது ஒன்றுதான்.

நேர் விமானத்தில் இடம் இருந்தது. "டைரக்ட் ஃபுல்லுப்பா. பம்பாய்ல இறங்கி மாறணும்" என்றார் கூசாமல். அங்கே ஐந்து மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். வரும்போதும் அதே வழி. அலைந்து சாகட்டும் என்று கார்பன் தாளில் அழுத்தி எழுதினார். கடைசிப் பிரதியிலும் எழுத்து பளிச்சென்று விழுந்தது.

ஆம்ப்ரோஸ் திரும்பி வந்த மறு ஞாயிறு லிங்கராஜபுரத்தில் மாமனார் வீட்டுச் சாப்பாடு.

"எல்லாருக்கும் ஒரு தடவைதான் ஏறி இறங்கற சான்ஸு. எனக்குப் போறப்ப ரெண்டு, வர்றப்ப ரெண்டு!" ஆம்ப்ரோஸுக்குத் தலைகால் புரியவில்லை. "பம்பாய்ல இறங்கறப்ப கீழ கடலு, கப்பலு. ஒரே மஜா! சாப்பாடும் ரெண்டு தடவை. அண்ணன் எனக்காகவே யோசிச்சுப் போட்ட டிக்கெட்டு மாமா அது."

மாமனார் நல்ல கறித்துண்டாகப் பார்த்து ரெமிஜியஸின் தட்டில் வைத்தார். அவர் அதைத் தட்டோரமாக ஒதுக்கினார்.

"அண்ணன் இதெல்லாம் எவ்ளோ தடவை பாத்திருப்பாரு!" என்றான் ஆம்ப்ரோஸ்.

"இவரு எங்க பாத்தாரு? ஒரு தடவைகூட ஏறுனதில்ல. ஏறாமலே இவ்ளோ தெரியுது பாரு" என்றாள் பிலோமினா. பெருமையாகத்தான் சொன்னாள், பாவம்.

ஆம்ப்ரோஸ் அவரையே பார்த்தான். அது கேலியாக இருந்திருந்தால் ரெமிஜியஸ் தாங்கியிருப்பார். அவன் பரிதாபப்பட்டான்.

கை கழுவும் இடத்தில் இருவரும் தனியாக நின்றார்கள். கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முடியவில்லை.

"ஏம்ப்பா, மேல போறப்ப காது வலிக்குமா?"

"வலிக்கும்ணே. மிட்டாய் போட்டும் வலிச்சுது. நாலு தடவையும்."

அந்த வலிமேல்கூட ரெமிஜியஸுக்குப் பொறாமை வந்தது.