துணிந்து வந்த கெண்டை

நான் வெள்ளக்கடை என்ற மலையூரில், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது, அங்கிருந்த குளத்தை ஒருவர் மீனுக்குக் குத்தகை எடுத்திருந்தார். ஒடிசலான ஆள். காதை மறைத்து மப்ளர் கட்டியிருப்பார். தினமும் தண்ணீரில் பொரியைத் தூவிவிட்டு, மீன் மேலே வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒன்றும் வராது.

ஒருநாள் அவர் தூண்டிலில் முழங்கை நீளக் கெண்டை ஒன்று சிக்கியது. முள்ளைப் பதமாகக் கழற்றி, அதைத் திரும்பக் குளத்திலேயே விட்டார்.

"ஏனுங்க, இத்தனை பெருசை விட்டுட்டீங்க?" என்றேன்.

"துணிஞ்சு வர்ற மீனையெல்லாம் வருசா வருசம் நானே புடிச்சு வித்துப்போட்டனுங்க. பயந்து ஒதுங்கின மீனுகதான் இப்ப மிச்சம் இருக்குது. அதுக குஞ்சும் அப்படியேதான் பயப்படுது. நொம்பத் தப்புப் பண்ணிட்டனுங்க. இதாவது இருந்து பெருகட்டும்."

ஒற்றை மீனால் என்ன ஆகிவிடும் என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, நானும் ஒரு பிடி பொரியை அள்ளித் தண்ணீரில் தூவினேன்.