என் தம்ளர் பால்

எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பசுக்கள் கறந்தன. பெரிய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எடுத்துவைத்துவிட்டு, மீதிப் பாலைப் பால்கோவாக் கடைக்கு ஊற்றிவிடுவோம். தயிர், மோர் சாப்பிட்டால் கைக்குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று நம்பி, நான் அவற்றையும் தொடுவதில்லை.

சில நாட்களாக உதட்டைச் சுற்றி மரத்துப்போனது போல இருந்தது. அசதி என்று விட்டுவிட்டேன். ஒரு காலையில் குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்கும்போது, என் இரண்டு கை விரல்களும் தாமாகக் குவிந்து இறுகிக்கொண்டன. குழந்தை வழுக்கி, வெந்நீர் அண்டாவின் பக்கம் சரிந்தது. கன்றைக் கட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, கையை விரி.”

“விரிய மாட்டேங்குது.”

உடனே வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஊசி போட்ட சற்று நேரத்தில் விரல்கள் தளர்ந்தன.

“தினம் எம்புட்டுப் பால் குடிக்கிறீங்க?” என்று கேட்டார்.

“நான் குடிக்கதில்லம்மா. கடைக்குப் போயிருது. மோரும் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்னு தொடுறதில்ல.”

“உங்க உடம்புச் சுண்ணாம்புச் சத்துதான் தாய்ப்பால்ல பிள்ளைக்குப் போகுது. நீங்க சாப்பிடாட்டி, அதை உங்க எலும்புல இருந்துதான் எடுக்கும். ரத்தத்துல அது குறைஞ்சதாலதான் விரல் இழுத்துக்கிச்சு. மோரால பிள்ளைக்குச் சளி வராது.”

என் கணவர் ஒருநாளும் என்னைத் தடுத்தவரில்லை. எனக்கென்று ஒரு தம்ளர் பால் எடுத்துவைக்க எனக்கேதான் தோன்றவில்லை.

இப்போது கறந்ததும் என் பங்கைக் காய்ச்சிக் குடித்துவிடுகிறேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் மோர். ஊரில் யாராவது பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகும்போது ஒரு செம்பு பால் கொண்டுபோகிறேன். அவள் அதைக் குடித்த பிறகுதான் குழந்தையைக் கையில் வாங்குகிறேன்.