முரலுக்கு வைத்த ஐந்து முள்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிளடிஸின் கைபட்டு அந்த ஈட்டிக் கம்பி மேசையிலிருந்து விழுந்தது. கொங்கிரீற் தரைக்கு மூன்றடிகூட இல்லை. விழுந்த கம்பி துள்ளியிருக்க வேண்டும். அது சோக்குக்கட்டி மாதிரிக் கழுத்தில் இரண்டாக முறிந்தது. ஐந்து முள் வைத்த தலை ஒருபக்கம் உருண்டது, உடம்பு மறுபக்கம் கிடந்தது.

கிளடிஸ் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மீன்பிடி ஊரான பேசாலையிலிருந்து கனடாவுக்கு வந்து எட்டு வருடம். அரசாங்கம் நடத்திய பயிற்சி வகுப்பொன்றில் லேத் மெசின் பழகி, டோர்செட் பார்க்கில் கென்னடி வீதிக்குப் பின்னாலிருந்த சிறு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆறு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். 1996 ஒக்டோபரில், விட்பியிலிருந்து வோல்ரர் என்பவர் பதின்மூன்று ஈட்டிக் கம்பிகளுடன் அங்கே வந்தார். தண்ணீருக்குள் சுடும் ஈட்டித் துப்பாக்கிக்கான கம்பிகள் அவை. ஒவ்வொரு நவம்பரிலும் அவரும் தம்பி நீலும் தெற்கே வெப்பக் கடலுக்குச் சுழியோடப் போவார்கள். தடித்த மீனுக்கு ஒற்றை முனை போதும். நீண்டு ஒடுங்கிய மீனென்றால் கம்பி பக்கத்தால் வழுக்கிப் போய்விடுகிறது, பட்டாலும் மீனைக் கிழித்துவிடுகிறது என்றார். மீனின் படத்தையும் காட்டினார்.

கிளடிஸ் பார்த்தவுடனே சொன்னாள், அது முரல் என்று. அவளுடைய அண்ணன்மார் பல முள் வைத்த மண்டா ஈட்டியால் குத்திய மீன். ஒரு முள் தவறினாலும் பக்கத்து முள் பிடிக்கும். கம்பிகளுக்கு ஐந்து முள் தலை வைக்கும் வேலையை முதலாளி அவளிடமே கொடுத்துவிட்டார்.

அது சொல்வதைப்போல இலகுவாக இருக்கவில்லை. தலை கனத்தால் கம்பி மூக்குக் குத்தும். ஆகவே முள்களை மெல்லியதாகக் கடைந்து, நுனியில் சற்றே விரித்தாள். கம்பியோ ஸ்பிரிங் உருக்கு. நுனியைக் காய்ச்சி இளக்கித்தான் தலையைப் பூட்டும் புரியை வெட்டலாம். தலையை முறுக்கி, வெள்ளிப் பற்றாசு வைத்து மறுபடியும் சூடாக்கி ஒட்டினாள். ஒட்டியதும் மணலுக்குள் புதைத்து, தானாக ஆற விடவேண்டும். எட்டுக் கம்பிகளை அப்படித்தான் செய்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வோல்ரர் நான்கு மணிக்கு வருகிறார் என்று முதலாளி வந்து இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். மீதி ஐந்தையும் கிளடிஸ் அவசரமாகக் காய்ச்சினாள். சுவாலையில் அவை வேண்டியதை விடச் சிவந்துவிட்டன. மணலில் வைக்க நேரமில்லாமல் தண்ணீர் வாளிக்குள் விட்டாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மாதிரி மினுக்கினாள். பன்னிரண்டை வோல்ரர் கொண்டுபோனார். பதின்மூன்றாவது, பரிசோதனைக்கென்று வைத்திருந்தது, இப்போது தரையில் கிடந்தது.

சத்தம் கேட்டு இராஜரட்ணம் வந்தார். பட்டறையில் அவள் தவிர்ந்த ஒரே தமிழர், ஐம்பது வயது.

"என்ன பிள்ளை, முறிஞ்சு போச்சே?"

"தண்ணியில தோய்ச்சது அண்ணை. கண்ணாடி மாதிரி ஆயிட்டுது. இதைப்போல நாலு அந்தாளிட்டப் போயிட்டுது."

"திங்கக்கிழமை முதலாளியிட்டச் சொல்லுவம்."

"நாளைக்கு அவைக்குப் பிளைட். திங்கக்கிழமை அவை கடலுக்குள்ள நிப்பினம். சுடேக்க முறிஞ்சால் துண்டு முகத்துக்குத்தான் வரும்."

வோல்ரரின் வீட்டுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தரமும் அப்படியே. இராஜரட்ணம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். மெசினை நிற்பாட்டினார்.

"ஜக்கற்றைப் போடு. கார் வெளியில நிக்குது."

கிளடிஸ் முறிந்த துண்டுகளையும் ஒரு அரத்தையும் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டாள். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போகும்போது மழைத்தூறல். பிக்கறிங்கைத் தாண்டினார்கள்.

"அவனுக்கு என்ன சொல்லப்போறாய்?" என்று இராஜரட்ணம் கேட்டார்.

"நான் பிழை விட்டிட்டன் எண்டு."

"வேலை போனாலும் போகும்."

"ஓம்."

வோல்ரர் வீட்டுக் கராஜில் பயணப்பையைக் கட்டிக்கொண்டிருந்தார். போன் மணி கேட்கவில்லையாம். கிளடிஸ் சொன்னதை முதலில் அவர் பெரிதாக எடுக்கவில்லை. அவள் முறிந்த கழுத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்தபோதுதான் பையைக் கட்டுவதை விட்டார்.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் அரத்துக்குத் தெரியும். இளக்கமான உருக்கை அது கடிக்கும், தோய்ந்து இறுகியதில் வழுக்கும். கிளடிஸ் ஒவ்வொரு கழுத்திலும் அரத்தை வைத்து இழுத்தாள். முதலாவது கடித்தது. இரண்டாவதும் கடித்தது. மூன்றாவதில் அரம் கண்ணாடியில் போவதுபோலச் சறுக்கியது. அதைத் தனியே வைத்தாள். முடிவில் எட்டு ஒருபக்கம், மூன்று மறுபக்கம்.

"பதினொண்டு," என்றார் இராஜரட்ணம் மெல்ல.

நல்லவை எட்டும் அங்கேயே இருந்தன. அப்படியென்றால் இல்லாதது தோய்ந்தது. பன்னிரண்டாவது எங்கே என்று கிளடிஸ் ஆங்கிலத்தில் கேட்டாள்.

நீல் எடுத்துப் போயிருந்தார். ஒஷாவாவில் சுழியோடக் கற்பிக்கும் இடமொன்றில் ஆழமான குளம் இருந்தது. காலையில் வேறு யாரும் இறங்காத நேரத்தில் தம்பி அங்கே சுட்டுப் பார்க்கிறார். வோல்ரர் அங்கே போன் எடுத்தார். யாரும் எடுக்கவில்லை. மூவரும் இராஜரட்ணத்தின் காரில் ஏறினார்கள். பதினைந்து நிமிடப் பாதை. வோல்ரர் முன்சீற்றில் இருந்து, கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குளத்தின் ஆழமான பக்கத்தில் நீல் முதுகில் காற்றுச் சிலிண்டருடன் அடித்தளத்தில் முழங்காலில் நின்றார். எதிரே நுரைப்பலகையில் தும்புத்தடி அளவு ஒடுங்கிய மீனொன்று வரைந்திருந்தது. துப்பாக்கியில் கம்பியைத் தள்ளிவிடும் இரண்டு றப்பர்களில் முதலாவது ஏற்கெனவே இழுபட்டுக் கொழுவியிருந்தது. இரண்டாவதை இழுத்துக்கொண்டிருந்தார்.

வோல்ரர் கத்தினார். சத்தம் கூரையில் மோதித் திரும்பியது. கீழே ஒன்றும் கேட்கவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

கிளடிஸ் ஓடிப்போய், தண்ணீருக்குள் இறங்கியிருந்த இரும்பு ஏணியருகே முழங்காலில் விழுந்தாள். அரத்தை எடுத்துக் கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு ஏணியில் அடித்தாள். பேசாலையில் வள்ளத்தின் பக்கப்பலகையைத் தட்டித்தான் முரலை வலைக்குக் கலைப்பார்கள். தண்ணீருக்குள் சத்தம் காற்றிலும் வேகமாய்ப் போகும். அவள் நிறுத்தாமல் அடித்தாள்.

நீல் திரும்பினார். கையிலிருந்த துப்பாக்கியும் அவரோடு திரும்பியது. ஐந்து முள்ளும் ஏணியை, அவளை நோக்கி நின்றன.

கிளடிஸ் அசையவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேலே தூக்கினாள். விசையில் அவருடைய விரல் இருக்கிறதா என்று அந்த ஆழத்தில் தெரியவில்லை. வோல்ரர் குளத்தின் விளிம்பில் நின்று இரு கைகளையும் குறுக்கே வைத்து ஆட்டினார்.

முனை மெல்லக் கீழே தாழ்ந்தது. நீல் இரண்டாவது றப்பரைக் கழற்றினார். பிறகு முதலாவதை. மேலே வந்து வாய்க்குழாயைத் துப்பிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார்.

கிளடிஸ் கம்பியை வாங்கி அதன் கழுத்தில் அரத்தை இழுத்தாள். சறுக்கியது. அதை வோல்ரரிடம் கொடுத்தாள். அவர் கம்பியின் தலையை ஏணிப்படிக்குள் கொடுத்து ஒருபக்கம் அழுத்தினார். பெரிய பலமொன்றும் போடவில்லை. டிக் என்று முறிந்தது. நீல் அதைக் கண்டதும் போய் வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் எட்டுக் கம்பிகளோடு பறந்தார்கள்.

திங்கட்கிழமை முதலாளி வந்து கோட்டைக் கழற்றுமுன் கிளடிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். உருக்குச் சரியில்லை என்று சொல்லியிருக்கலாமே என்றார் அவர். உருக்கு நல்லது, தோய்த்தது நான் என்றாள். இரண்டு நாள் அவளுக்கு வேலைத்தாள் வரவில்லை. மூன்றாம் நாள் வழக்கம்போல வேலைத்தாளை மேசையில் வைத்தார்.

"வேலை போகேல்லை," என்றார் இராஜரட்ணம் மத்தியானச் சாப்பாட்டில்.

"இன்னும் போகேல்லை," என்றாள் கிளடிஸ்.

டிசம்பரில் வோல்ரர் வந்தார். எட்டில் ஒன்றும் முறியவில்லையாம். ஒடுங்கிய மீன்கள் முள்ளுக்குள் அகப்பட்டு நின்றனவாம். தூரத்துக்குச் சுட்டால் மட்டும் தலை கொஞ்சம் தாழ்கிறது என்றார். முள்ளை அரை அங்குலம் குறைத்துப் பார்க்கலாம் என்றாள் கிளடிஸ். சுழியோடும் நண்பர்களுக்கும் சேர்த்து இருபது கம்பிகள் வேண்டும், இரண்டு கிழமையில் முடியுமா என்று அவர் முதலாளியைக் கேட்டார்.

முதலாளி வாயைத் திறக்குமுன் கிளடிஸ், மூன்று கிழமை என்றாள்.

முதலாளி அவளைப் பார்த்தார். வோல்ரரும் பார்த்தார். பிறகு முதலாளி பேனையை எடுத்து, தாளில் மூன்று கிழமை என்று எழுதினார்.