மருதாயியின் முளைப்பாரி

திருவரங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி மருதாயி. பொறாமைக்காரி என்று பேரெடுத்தவள். அவளும் அதை மறைத்ததில்லை. ஓரகத்தி புதுத்தோடு போட்டால் இவளுக்குச் சோறு இறங்காது. அடுத்த வீட்டுப் பசு கூடுதலாகக் கறந்தால் தன் பசுவைத் திட்டித் தீர்ப்பாள். ஆனால் யாருக்காவது பேறுகாலம் என்றால் முதல் ஆளாக வெந்நீர் போட வந்து நிற்பவளும் அவள்தான். அதனால் அவளை யாரும் வெறுத்துவிடவில்லை.

பர்மாவில் குண்டு விழுந்த வருஷம் வந்த பொறாமை மட்டும் வேறு மாதிரி. அவள் புருஷன் அய்யாக்கண்ணுவும் எதிர்வீட்டு உண்ணாமலையின் புருஷன் ரத்தினவேலும் ஒன்றாகக் கப்பலேறி ரங்கூன் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனவர்கள். சண்டை வந்ததும் ரத்தினவேல் காடு மலையெல்லாம் நடந்து, தாடியும் வீங்கிய காலுமாக ஊர் வந்து சேர்ந்தான். வழியில் கூட்டத்தில் அய்யாக்கண்ணுவைத் தவறவிட்டதாகச் சொன்னான். அதற்குமேல் அவனுக்கும் தெரியவில்லை.

எதிர்வீட்டில் ரத்தினவேல் இருமினால்கூட மருதாயிக்கு வயிறு எரிந்தது. இருமுவதற்காவது ஒருத்தன் இருக்கிறானே! உண்ணாமலை அவனுக்கு மீன்குழம்பு கூட்டினால் இவள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். ஊர்ப் பெண்களில் மூத்தவளான அமிர்தவல்லி வீட்டு இருட்டறையில் பெண்கள் ஆளுக்கொரு சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டுப் பயறு விதைத்து முளைப்பாரி வைத்தார்கள். ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து தண்ணீர் தெளித்துக் கும்மி கொட்டுவதுதான் முறை. பாரி செழித்தால் வீடு விளங்கும், அழுகினால் அந்த வீட்டுக்குக் கேடு என்று பேச்சு. புருஷன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத மருதாயிக்கு அது வெறும் பேச்சு இல்லை.

உண்ணாமலையின் பாரிதான் முந்திக்கொண்டு வளர்ந்தது. புருஷனும் அவளுக்கு, பயிரும் அவளுக்கா? மருதாயிக்குப் பொறுக்கவில்லை. பகலில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய்த் தன் சட்டிக்கு மட்டும் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். உண்ணாமலையின் பாரியைப் பிடுங்கிப் போட்டால் என்ன என்று ஒரு தரம் கையும் நீண்டது. அம்மனுக்குப் பயந்து இழுத்துக்கொண்டாள்.

பாரி எடுக்கும் நாள் காலையில் சட்டிகளை மூடியிருந்த கூடைகளைத் தூக்கினார்கள். மருதாயியின் பாரி வேரோடு அழுகிச் சாய்ந்து கிடந்தது. எல்லார் கண்ணும் அவள் கழுத்துத் தாலிக்குப் போய்த் திரும்பின. மருதாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அமிர்தவல்லி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். “இங்க நடக்குறது இந்த வாசலத் தாண்டக் கூடாது. தெரிஞ்சுதா?”

உண்ணாமலை தன் சட்டியின் நடுவில் கைவிட்டு, நெடுநெடுவென்று நின்ற கொத்தை மண்ணோடு பெயர்த்தாள்.

“வேணாம்டி,” என்றாள் மருதாயி. “ஒன்னத விட ஒசரமா வரணும்னு நான்தான் தண்ணிய ஊத்தி அழுக வச்சேன். ஒம் புருசன் வந்துட்டாரு, எம் புருசன் வரல. ஒன்னக் கண்டாலே எனக்கு எரியுது.”

“தெரியும்க்கா,” என்றாள் உண்ணாமலை. “நீங்க கதவச் சாத்துறப்பவே தெரியும். ஒங்க எடத்துல இருந்தா நானுந்தான் எரிஞ்சிருப்பேன். சட்டிய இங்கிட்டு நகத்துங்க.”

மற்றவர்களும் ஆளுக்கொரு கொத்துப் பெயர்த்துக் கொடுத்தார்கள். மருதாயியின் சட்டி நிறைந்தது.

ஊர்வலத்தில் அவள் பாரியைப் பார்த்து யாரோ சத்தமாகச் சொன்னார்கள். “இந்த வருசம் மருதாயி பாரிதான்யா பாரி! அய்யாக்கண்ணு எப்புடியும் வந்துருவான்!”

நடுவில் பள்ளம் விழுந்த பாரியைச் சுமந்து பின்னால் வந்த உண்ணாமலை, எல்லாருக்கும் முந்திக் குலவையிட்டாள். அதில் பொய் இல்லை. தன் புருஷன் வந்த அன்றுகூட அவள் அப்படிக் குலவையிட்டதில்லை.

அய்யாக்கண்ணு வருவானோ மாட்டானோ, அது அம்மன் கையில். இப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்றுதான் மருதாயிக்கு அப்போது பொறாமையாக இருந்தது. அந்த எரிச்சலோடேதான் அவளும் சேர்ந்து குலவையிட்டாள்.