மீன் தண்ணீர் என்று சொன்னேன்

உறுவையாறு போகும் ரோட்டில் எனக்கு ஒரு ஷெட். படிப்பு எட்டாவதோடு நின்றது. அதற்குப் பிறகு ஸ்பேனர்தான். இதை எழுதுவது பெருமைக்கு இல்லை.

பூரணாங்குப்பத்து அக்கா ஒருவர். மீன் வியாபாரம். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய பழைய பெட்ரோல் காரை அக்காவே ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்சீட்டைக் கழற்றி ஐஸ் பெட்டி வைத்திருந்தார். விடிந்ததும் கரையில் மீன் எடுத்து எங்கள் பக்கத்து ஊர்களில் தெருத்தெருவாக விற்பார். வண்டி ஓடினால்தான் அவருக்கு அடுப்பு எரியும்.

ஆயுத பூஜைக்கு அந்த வண்டியும் என் ஷெட்டில் நின்றது. பூஜையில் வண்டிகளுக்கு நான்தான் பொட்டு வைப்பேன். மற்றதெல்லாம் புது வண்டி, டீசல் வண்டி. அவற்றுக்கு வெளியே வைத்தேன். அக்கா வண்டிக்கு மட்டும் பானட்டைத் திறந்து, பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற கறுப்பு மூடியில், விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் பட்டையாக இழுத்தேன். எஞ்சினுக்கு உயிர் அங்கேதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஐப்பசி மழை பிடித்தது. அக்கா வந்தார்.

“இன்னா தம்பி, மழ வந்தா வண்டிக்கு சளி புடிச்சிக்குது. நாலு தூறல் வுழுந்தா போதும், இருமிக்கினே நிக்குது.”

பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அன்று வெயில். வண்டி ஓடியது. அடுத்த மழையில் திரும்ப வந்தார். கரண்ட் ஏற்றிக் கொடுக்கிற காயிலை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழுவினேன். மூடியையும் துணியால் துடைத்தேன். ஆனால் விபூதியைச் சுற்றித்தான் துடைத்தேன். சாமிக்கு இட்டதை யார் அழிப்பார்கள்? கை தானாக விலகிப் போனது.

மூன்றாவது தடவை வந்தபோது எனக்குப் பதில் இல்லை. பதில் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“மீன் தண்ணி கீழ எறங்கி ஒயரெல்லாம் அரிச்சிட்டுதுக்கா. இனிமே இதுல மீன ஏத்தாத” என்றேன்.

“எங்க வூட்டுக்காரரு அத்தினி வருஷம் இதுலதான் ஏத்துனாரு. அப்பலாம் அரிக்கலியா?”

“அப்ப வண்டி கெட்டியா இருந்துச்சு.”

பக்கத்துக் கடை பஞ்சர்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். “வண்டியே கருவாடு ஆயிட்டுதுபா. வெயில் வந்தா காய வையிக்கா” என்றார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஒயரை மாற்றி வை என்று வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் மத்தியானம் ஊசித் தூறல். தார்ப்பாயை பானட் மேல் இழுத்து, நானும் உள்ளே தலையை விட்டு இருட்டாக்கிக்கொண்டேன். பஞ்சர்காரரைச் சாவி திருப்பச் சொன்னேன். ஒயர் முனையிலிருந்து நீலமாக ஒரு பொறி கிளம்பி, நான் இழுத்த பட்டை வழியாகவே ஓடி, இரும்பில் போய் அடங்கியது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட். விபூதி காய்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. ஈரம் குடித்தால் அதுவே ஒயர் ஆகிவிடுகிறது.

பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தேன். வண்டி ஒரே இழுப்பில் பிடித்தது. அந்த மூடி மேல் தண்ணீர் தெளித்தேன். எஞ்சின் நிற்கவில்லை.

“இன்னாபா இருந்துச்சு?” என்றார் பஞ்சர்காரர்.

“ஒயரு” என்றேன்.

அக்காவிடமும் அதையே சொன்னேன். மீன் ஏற்றாதே என்று மறுபடியும் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன். அவர் ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டார். வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றது.

மீன் பிடிக்கிற ஜனம், நாற்றம், உப்பு என்று நிலம் வைத்துப் பயிர் செய்கிற எங்கள் ஊர் வீடுகளில் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவன் நான். பழியைப் போட இடம் தேடியபோது அதுதான் முதலில் வாயில் வந்தது. அவர் நம்பினார். மெக்கானிக் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்.

கார்த்திகை முழுக்க பூரணாங்குப்பம் பக்கமே நான் போகவில்லை. மார்கழியில் ஒரு காலை பாகூர் மார்க்கெட் பக்கம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். காலடியில் அன்னக்கூடை. பாதி மீன் அப்படியே இருந்தது. பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். இவர்கள் போன பிறகு சொல்லலாம் என்று தோன்றியது. அவர்கள் போகவில்லை. சொன்னேன்.

“அக்கா, மீன் தண்ணி இல்ல. பூஜைக்கு நான் பூசுன விபூதி. அதுல கரண்ட்டு ஓடிட்டுது. அன்னிக்கே தெரியும் எனக்கு.”

அவர் என்னையே பார்த்தார்.

“அன்னிக்கேன்னா?”

“ஒயரு மாத்த வுட்டியே, அன்னிக்கி.”

“ரெண்டு மாசம் ஆவுது.”

“ஆமாக்கா. வண்டி நல்லா இருக்குது. நீ இனிமே மீனு ஏத்தலாம்.”

“ஏத்திக்கினு எந்தத் தெருவுக்குப் போவச் சொல்ற? உறுவையாறு, அரியூரு எல்லாம் பைக்குல ஒர்த்தன் வரான். எல்லாரும் அவங்கிட்ட பழகிக்கினாங்க.”

பஸ் வந்தது. கூடையைத் தூக்கக் குனிந்தேன்.

“வுடுப்பா. நான் தூக்கிக்குவேன்” என்றார்.

தூக்கிக்கொண்டார். பஸ்ஸின் பின்பக்கம் போய் நிற்கச் சொன்னார் கண்டக்டர். போய் நின்றார். அதற்குப் பிறகு அந்த வண்டி என் ஷெட்டுக்கு வரவில்லை.